எரியாமல் மழிக்க

ஏப்ரல் 16, செவ்வாய்

இந்த டைரியை அரிசி மண்டிக்காரர் எங்கள் இட்லிக் கடைக்குக் கொடுத்தார். தங்கபுஷ்பம் அக்கா அதை அம்மாவிடம் கேட்டு வாங்கி எனக்குத் தந்துவிட்டாள். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து சும்மாதான் இருக்கிறேன். முடிந்தவரை எழுதுவேன்.

இன்று பெரிய செய்தி. அக்காவுக்குப் பேசி முடித்துவிட்டார்கள். மாப்பிள்ளை பெயர் லிங்கராஜ். கோவில்பட்டியில் இரும்புக் கடையில் வேலை. போன வாரம் கோயிலில் விளக்கேற்றும் நேரத்தில் அக்காவைத் தூரத்தில் இருந்து பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லிவிட்டாராம். மே பதினாறாம் தேதி அவர்கள் பூ வைக்க வருகிறார்கள். எங்கள் பக்கத்தில் பூ வைப்பதற்கு முன்னால் மாப்பிள்ளையின் அக்கா பச்சை மஞ்சளை அரைத்துப் பெண்ணின் கன்னத்திலும் தாடையிலும் தன் கையால் பூசுவார். பூசிவிட்டால் அவள் அவர்கள் வீட்டுப் பெண்.

அக்கா மாவாட்டும்போது தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். அவள் எட்டாம் வகுப்போடு நின்றவள். அப்பா இறந்ததில் இருந்து விடியுமுன் எழுந்து கடைக்கான எல்லா வேலையும் அவள்தான்.

அம்மா இட்லித் தட்டைக் கவிழ்த்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: “அவ போயிட்டா இனி அடுப்புல நிக்க நீதான். பத்து வரைக்கும் படிச்சது போதும்.”

“யம்மா, நான் பர்ஸ்ட் குரூப் எடுக்கணும்.”

“இட்லி அவிக்கதுக்கு என்னட்டி குரூப்பு?”

சாப்பிட்டுக்கொண்டிருந்த லாரி டிரைவர்கள் சிரித்தார்கள்.

ஏப்ரல் 18, வியாழன்

ஒரு சிக்கல் இருக்கிறது. அக்காவுக்கு மேல் உதட்டிலும் தாடையிலும் முடி வளர்கிறது. மாவு தெறித்தால் அதில் ஒட்டிக்கொள்ளும். கோயிலில் இருட்டும் பவுடரும் காப்பாற்றிவிட்டன. மஞ்சள் பூசுகிறவர் விரலால் தடவுவாரே, அப்போது என்ன செய்வது?

ஊரில் இருப்பது ஒரே பார்லர். அதை நடத்துகிற கோமதி, மாப்பிள்ளைக்குச் சித்தி முறை. “அவ கையில மூஞ்சியக் குடுத்தா கோவில்பட்டி வரைக்கும் மைக்கு வச்சுச் சொல்லுவா” என்றாள் அம்மா. பிறகு பரணில் இருந்த பிஸ்கட் டப்பாவை இறக்கி, அப்பாவின் ஷேவிங் செட்டை எடுத்து அக்கா மடியில் போட்டாள். கனமான உலோகக் கைப்பிடி. தலையைத் திருகினால் திறந்துகொள்கிறது. நடுவில் பிளேடை வைத்து மூட வேண்டும். அழகான அமைப்பு.

“பொட்டப் பிள்ளன்னு பேரு. செரைக்க வச்சிட்டான் ஆண்டவன்” என்று சொல்லிவிட்டு அம்மா சாம்பாரைக் கிண்டப் போய்விட்டாள்.

அக்கா சலவை சோப்பைத் தேய்த்துக் கிணற்றுத் தண்ணீரில் மழித்துக்கொண்டாள். மாலைக்குள் தாடை முழுவதும் சிவப்புப் புள்ளிகள். தீப்பட்டது போல எரிகிறது என்று தலையணையில் முகத்தை வைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“கோழிய உரிச்சு வச்ச மாதிரி இருக்கு” என்றாள் அம்மா.

இதற்கு ஒரு வழி இருக்க வேண்டும். நான் கண்டுபிடிப்பேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

நூலகத்தில் பழைய வார இதழ்களைப் புரட்டி ஆண்களுக்கான பக்கம் ஒன்றைக் கண்டுபிடித்தேன். எங்கள் கடைக்கு எதிரே இருக்கும் சலூனையும் காப்பி ஆற்றுகிற சாக்கில் கவனித்தேன். தெரிந்துகொண்டது இது. முதலில் வெந்நீர்த் துணியைக் கொஞ்ச நேரம் முகத்தில் போட்டு முடியை ஊற வைக்க வேண்டும். நுரை கெட்டியாக நிற்க வேண்டும், ஏனென்றால் பிளேடு தோலின் மேல் போகக் கூடாது, நுரையின் மேல்தான் போக வேண்டும். முடி எந்தப் பக்கம் சாய்ந்து வளர்கிறதோ அந்தப் பக்கமே இழுக்க வேண்டும். எதிர்த்து இழுத்தால் வழவழப்பு வரும், எரிச்சலும் வரும். அழுத்தவே கூடாது. ஷேவிங் செட்டின் எடையே போதும்.

அக்கா செய்த எல்லாமே தப்பு.

புது பிளேடு வாங்கப் போனேன். பெட்டிக்கடைக்காரர், “யாருக்குப் பாப்பா? உங்க வீட்டுலதான் ஆம்பளையே கிடையாதே” என்றார். நோட்டில் தப்பாக எழுதியதைச் சுரண்ட என்று சொன்னேன். நான் நன்றாகப் பொய் சொல்கிறேன் என்பது இன்று தெரிந்தது.

ஏப்ரல் 24, புதன்

வெற்றி! ஆனால் வரிசையாகச் சொல்கிறேன்.

முடி சாயும் திசையைக் கண்டுபிடிக்க அக்காவின் தாடையில் ஒரு துளிப் பஞ்சை நகர்த்திப் பார்த்தேன். முடியோடு போனால் வழுக்கும், எதிர்த்துப் போனால் மாட்டிக்கொள்ளும். கன்னத்தோரம் கீழ் நோக்கி வளர்கிறது. தாடைக்கு அடியில் மட்டும் பக்கவாட்டில் வளர்கிறது. அங்கேதான் அதிகமாக எரிந்தது!

இன்னொரு காரணம் எங்கள் கிணற்றுத் தண்ணீர். உப்பு. எவ்வளவு சோப்பு போட்டாலும் நுரைக்காமல் தயிர் போலத் திரிந்துவிடும். பாடத்தில் வருமே, கடின நீர். குடிக்க வாங்கும் நல்ல தண்ணீரில் அம்மா இரண்டு செம்புக்கு மேல் தர மாட்டாள். அதனால் ஆப்பத்துக்குப் போடும் சோடாவில் ஒரு தேக்கரண்டி கிணற்றுத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்தேன். அடியில் வெள்ளையாகப் படிந்தது. தெளிந்ததை இறுத்துச் சோப்பு போட்டால் நுரை பொங்கி நிற்கிறது. புத்தகத்தில் படித்தது வீட்டில் நடக்கும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மத்தியானம் கடை சாத்தியிருக்கும்போது பின்கட்டில் அக்கா தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். நான்தான் மழித்தேன். கடைசியில் இரண்டு செம்பு நல்ல தண்ணீரால் சோடாவைக் கழுவி, எதிர் சலூனில் பார்த்தபடி படிகாரக் கட்டியை ஈரமாகத் தேய்த்தேன். இந்தக் கடைசி வேலையைத்தான் விடவே கூடாது. சோடா தோலில் தங்கினால் எரியும்.

மாலை வரைக்கும் ஒரு புள்ளி இல்லை. அக்கா தன் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

“உன் கைதான்ட்டி எரியாத கை” என்றாள்.

ஏப்ரல் 29, திங்கள்

மதிப்பெண் வந்துவிட்டது. 471. அறிவியலில் நூறு.

அம்மா சட்னி தாளித்துக்கொண்டிருந்தாள். “நல்லது. பார்சல கட்டு.”

மே 3, வெள்ளி

அக்கா தினமும் போனில் பேசுகிறாள். விறகு அடுக்கி வைத்திருக்கும் மூலையில் நின்றுகொண்டு. “ஐயய்யோ, கன்னத்துல குழியெல்லாம் கிடையாது, நீங்க தூரத்துல இருந்து பாத்திய” என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது.

பேசி முடித்து வந்ததும் கேட்டேன். “யக்கா, ரெண்டு வருஷம் தள்ளிப் போடச் சொல்லேன். நான் பன்னெண்டு முடிச்சிருவேன்.”

அவள் சிரித்தாள். “நான் எட்டோட நின்னேம்லா? செத்தா போயிட்டேன்?”

“நீ வேற, நான் வேற.”

சிரிப்பு நின்றுவிட்டது. “எப்படி வேற? சொல்லு. நான் மாவாட்டப் பொறந்தவ, நீ படிக்கப் பொறந்தவளா? ஏட்டி கனி, எட்டு வருஷம் கழிச்சு இப்பதான் என்னைய அவுத்து விட்டுருக்காவ. நீ திரும்பக் கட்டப் பாக்கியே.”

அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

மே 6, திங்கள்

பள்ளியில் விண்ணப்பம் வாங்கி வந்தேன். அம்மா அதில் வடையை வைத்து எண்ணெய் பிழிந்தாள். தெரியாமல்தான்.

மே 8, புதன்

மழைக்கு முந்திய புழுக்கம். கடையில் கூட்டம் இல்லை.

என் கையில் ஒரு சோதனை செய்தேன். முழங்கை வரை சோடாத் தண்ணீரும் சோப்பும் போட்டு மழித்து, கழுவாமல் அப்படியே காய விட்டேன். எவ்வளவு எரிகிறது என்று பார்ப்பதற்காக. கொஞ்சம் எரிந்தது. அதற்குள் மீன் குழம்புக்கு மஞ்சள் அரைக்க அம்மா கூப்பிட்டுவிட்டாள். அரைத்த கையை மழித்த கையின் மேலேயே துடைத்தேன். மழித்த இடம் முழுவதும் மஞ்சள் பட்டு ரத்தச் சிவப்பு! மழிக்காத இடம் மஞ்சளாகவே இருந்தது. நடுவில் கோடு கிழித்தாற்போல ஒரு எல்லை.

இதுவும் பாடத்தில் உண்டு. காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். அம்மா ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கலப்பதும் இதே கதைதான். படிகாரத்தைத் தேய்த்ததும் மறுபடி மஞ்சள்! படிகாரம் அமிலம் அல்லவா.

மிகவும் சுவாரசியமாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. யாருக்குப் புரியும்?

மே 12, ஞாயிறு

அக்காவுக்கு மழித்துவிட்டேன். எரியவில்லை. நல்ல தண்ணீர், படிகாரம், எல்லாம் ஒழுங்காக.

புடவை வந்துவிட்டது. கிளிப் பச்சை. தன் பழைய தாவணிகளை எல்லாம் அக்கா எனக்கென்று மடித்து வைத்தாள். கடையில் கட்டிக்கொள்ள.

“கரண்டி பிடிக்கும்போது முந்தானைய இழுத்துச் சொருகிக்கிடு. இல்லாட்டி டிரைவர்மாருக்குக் கண்ணு அங்கதான் நிக்கும்” என்று சொல்லிக் கொடுத்தாள். இட்லிக் கொப்பரையைத் திறக்கும்போது முகத்தை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்றும் காட்டினாள். அவள் மணிக்கட்டில் ஆவி பட்ட தழும்புகளை முதன்முறையாக நன்றாகப் பார்த்தேன்.

மே 15, புதன்

பள்ளியில் சேர நாளை மறுநாள் கடைசி.

மே 16, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் அக்காவுக்கு மழித்தேன். இன்று தண்ணீர் அதிக உப்பாகத் தெரிந்ததால் சோடா மூன்று தேக்கரண்டி போட்டேன். நுரை மிக நன்றாக வந்தது. ஒரு கீறல் இல்லை.

வருகிறவர்களுக்காக அம்மா நல்ல தண்ணீர்க் குடங்களை மூடி வைத்திருந்தாள். “அக்கா மூஞ்சி கழுவ ரெண்டு செம்பு எடுத்துக்க. மிச்சத்தத் தொடாத” என்றாள். இரண்டு செம்பு எடுத்தேன். வருகிறவர்களுக்குக் காப்பிக்குப் போதாமல் போய்விடுமோ என்று தோன்றியது. காப்பிப் பாத்திரத்தில் ஊற்றிவிட்டேன்.

அக்காவின் முகத்தைச் சோடாத் தண்ணீராலேயே கழுவினேன்.

“எரியுதுட்டி.”

“புது பிளேடு. கொஞ்ச நேரத்துல சரியாயிரும்.”

“படிகாரம்?”

“கரைஞ்சிட்டு யக்கா.”

அவள் சரி என்றாள். பவுடர் பூசிவிட்டேன். மிகவும் அழகாக இருந்தாள். அதையும் எழுத வேண்டும்.

பதினோரு மணி வாக்கில் வேன் வந்தது. மாப்பிள்ளையின் அக்கா ஜெயக்கொடி பெரிய உடம்பு, பெரிய குரல். அக்காவை உட்கார வைத்து மஞ்சளை இரண்டு கையிலும் வழித்து நெற்றியில் தொடங்கிக் கன்னம், மேல் உதடு, தாடை என்று நன்றாக அழுத்திப் பூசினார். அக்கா கண்ணை மூடியிருந்தாள். நான் மழிக்கும்போது மூடுவது போலவே.

முதலில் நிறம் மாறியது மேல் உதட்டில். பிறகு தாடை. பிறகு காதோரம் வரை. நெற்றியும் மூக்கும் மங்களகரமான மஞ்சள். கீழே அத்தனையும் ஆரத்திச் சிவப்பு. மீசை, தாடி, கிருதா, எல்லாம் வரைந்து வைத்தது போல.

ஜெயக்கொடியின் கை பாதியில் நின்றது.

“என்ன மதினி?” என்று கேட்டு அக்கா கண்ணைத் திறந்து சிரித்தாள். அவளுக்கு இன்னும் தெரியவில்லை.

ஜெயக்கொடி தன் கட்டைவிரலைப் பார்த்தார். பிறகு அதை அக்காவின் தாடைக்கு அடியில் எதிர்ப்பக்கமாக மெதுவாக ஓட்டினார். “ஏ கோமதி சித்தி, இங்க வந்து தொட்டுப் பாரு.”

கோமதி தொட்டுப் பார்த்தாள். “அதானே. இத்தன வருஷமா ஊருல பார்லர் வச்சிருக்கேன், இந்தப் பிள்ள ஒரு நாளும் எட்டிப் பாக்கலையேன்னு நெனச்சேன். வீட்டுலயே சலூன் இருக்கு போல.”

“லிங்கராசு, ஒனக்கு இனிமே தனியா ஷேவிங் செட்டு வாங்க வேண்டாம்டா” என்றார் ஒரு பெரியம்மா. “ஒண்ணாவே முடிச்சிக்கிடலாம்.”

வேனில் வந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் மாப்பிள்ளையைத்தான் கவனித்தேன். அவர் சிரிக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குக் கவலையாக இருந்தது. முதலில் தரையைப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார். பெரிதாக இல்லை. பல் தெரியும் அளவுக்கு.

ஜெயக்கொடி பூவைத் தட்டில் இருந்து எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். “இன்னொரு நல்ல நாளாப் பாத்து வாரோம்.” காப்பியை மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள். தண்ணீர் போதுமானதாக இருந்தது.

வேன் கிளம்பிப் போனதும் அம்மா அக்காவைக் கொல்லைக்கு இழுத்துப் போய்ச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க இன்னும் சிவந்தது. “எதைட்டி பூசித் தொலைச்ச? எதைப் பூசித் தொலைச்ச?” என்று இட்லித் துணியால் முகத்திலேயே அடித்தாள். அக்கா தடுக்கவில்லை.

பிறகு அக்கா தானாகவே எழுந்து போய்ப் புளியைக் கரைத்து முகத்தைக் கழுவினாள். சிவப்புப் போய்விட்டது. யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. ஈர முகத்தோடு திரும்பி என்னைப் பார்த்தாள். நான் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

பின்குறிப்பு: பேனா தேடும்போது ஜாமெட்ரி பாக்ஸில் படிகாரம் இருந்தது. அங்கே எப்படி வந்தது என்று தெரியவில்லை.

மே 17, வெள்ளி

பள்ளியில் சேர்ந்துவிட்டேன். பர்ஸ்ட் குரூப். அம்மா கையெழுத்துப் போட்டாள். “இவதான் வீட்டுலயே கெடக்கப் போறாளே” என்று மட்டும் சொன்னாள்.

மே 18, சனி

லிங்கராஜ் போனை எடுக்கவில்லை.

மே 25, சனி

இன்றும் எடுக்கவில்லை. அக்கா போனை அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டாள்.

ஜூன் 3, திங்கள்

முதல் நாள். ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய்கள் வரிசையாகத் தொங்குகின்றன. வேதியியல் ஆசிரியை, அன்றாட வாழ்வில் நிறங்காட்டிக்கு உதாரணம் கேட்டார். எனக்குத் தெரியும். கையைத் தூக்கவில்லை.

கடைக்குப் புதுப் பெயர் வந்திருக்கிறது. டிரைவர்கள், “ரெண்டு மீசை இட்லி குடு” என்கிறார்கள். முதலில் அம்மா திட்டினாள். வியாபாரம் கூடியதும் திட்டுவதை விட்டுவிட்டாள். அக்கா இப்போது மழிப்பது இல்லை. அப்படியே விட்டுவிட்டாள். இட்லி எடுத்துக் கொடுக்கும்போது மேல் உதட்டில் வியர்வை கறுப்பாக நிற்கிறது. அவள் யாரையும் நிமிர்ந்து பார்ப்பது இல்லை, ஆனால் தலையைக் குனிவதும் இல்லை.

என் டிபன் பாக்ஸை அவள்தான் கட்டித் தருகிறாள். நெய் தடவி.

ஜூன் 13, வியாழன்

பேருந்தில் பக்கத்தில் இருந்த பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு தோழியிடம் ஏதோ சொன்னாள். “அந்த வீட்டுப் பிள்ளதானா, அப்போ சரி” என்றாள் தோழி.

வீட்டுக்கு வந்து பஞ்சை எடுத்துத் தாடைக்கு அடியில் நகர்த்திப் பார்த்தேன்.

மாட்டிக்கொண்டது.

ஜூன் 16, ஞாயிறு

மத்தியானம் கடை சாத்திய பிறகு பின்கட்டில் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தேன். அக்கா வந்து நின்றாள். மே மாதத்துக்குப் பிறகு அவள் என்னிடம் அதிகம் பேசியது இல்லை. என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

“ஒனக்கும் வந்துட்டு.”

அவளே போய் அடுப்பில் தண்ணீர் வைத்தாள். ஆப்ப சோடாவை ஒரு தேக்கரண்டி போட்டாள். கொதிக்க வைத்தாள். தெளிந்ததை இறுத்தாள். வெந்நீர்த் துணியை என் முகத்தில் போட்டு ஊற வைத்துவிட்டு ஷேவிங் செட்டில் பிளேடை மாற்றினாள்.

“தலையச் சாய். கண்ண மூடு.”

அவள் மடியில் தலையைச் சாய்த்தேன். கண்ணை மூடினேன். தொண்டையில் உலோகம் பட்டது. அவள் கை அங்கேயே நின்றது. அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. நான் எச்சில் விழுங்கக்கூட இல்லை.

பிறகு அது நகர்ந்தது. முடி சாயும் பக்கமாக, தாடைக்கு அடியில் மட்டும் பக்கவாட்டில், அழுத்தாமல். நான் சொல்லிக் கொடுத்த எதையும் அவள் மறக்கவில்லை. என்னைவிட அவளுக்குக் கை நன்றாக வருகிறது.

இரண்டு செம்பு நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினாள்.

“படிகாரம் எடுட்டி.”

“கரைஞ்சிட்டு யக்கா.” யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது.

“கரையல. ஒன் பாக்ஸுல இருக்கு. அன்னைக்கே பாத்தேன்.”

அவளே போய் எடுத்து வந்தாள். நனைத்துக் கன்னத்தில், தாடையில், காதோரம், ஒரு இடம் விடாமல் தேய்த்தாள். குழம்புக்கு அரைத்து வைத்திருந்த மஞ்சளைத் தொட்டு ஒரு விரலால் என் தாடையில் வைத்துப் பார்த்தாள். மஞ்சளாகவே இருந்தது.

“நான் எங்கயும் போவப் போறதில்ல” என்றாள். “நீயும் எங்கயும் போவ மாட்ட. எவன் வருவான்? ரெண்டு பேருக்கும் ஒரு பிளேடு போதும்.”

ஷேவிங் செட்டைத் துடைத்துப் பிஸ்கட் டப்பாவில் வைத்துவிட்டு மாவாட்டப் போய்விட்டாள்.

இரவு வரைக்கும் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எரியவில்லை. கொஞ்சம்கூட எரியவில்லை.